பள்ளிவாசலில் ஒளுத் தண்ணீரைக் குறைக்கவும் மறுபடி பயன்படுத்தவும்: முதன்முறை இறங்குவோருக்கு

இஷா என்ற இரவுத் தொழுகைக்கு இகாமத் (தொழுகை தொடங்கும் அழைப்பு) சொல்லப் பத்து நிமிடம் இருக்கும்போது குழாயில் காற்று மட்டும் வந்தது. ரமலான் இரவு. ஒளுவில் (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) ஒரு காலைக் கழுவிவிட்டு மறு காலுக்குத் தண்ணீர் இல்லாமல் ஏழெட்டுப் பேர் திண்டில் உட்கார்ந்திருந்தார்கள். அதே நேரத்தில், முந்தைய வக்து (வேளைத் தொழுகை) ஆட்கள் ஒளு செய்த தண்ணீர் பின்சுவருக்கு வெளியே சாக்கடையில் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. எங்களுடையது ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர். நிலத்தடி நீர் உப்பு. நல்ல தண்ணீர் லாரியில் வருகிறது. அந்த ராத்திரிதான் இந்த வேலைக்கு ஆரம்பம்.

முடிக்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று. தெரிந்து செய்திருந்தால் மூன்று மாத வேலை. செலவிலும் ஏறத்தாழ கால் பங்கு எங்கள் அறியாமைக்குப் போனது. உங்கள் மஹல்லாவில் (பள்ளி சார்ந்த பகுதியில்) யாராவது இதைக் கையில் எடுத்தால் அந்தக் கால் பங்காவது மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் பள்ளியில் 12 குழாய்கள். சாதாரண நாளில் ஐந்து வக்தும் சேர்த்து 180 பேர், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும் 350 பேர். கீழே வரும் அளவுகளும் தொகைகளும் எங்கள் பள்ளிக்கானவை. உங்கள் ஊருக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு வாளி

எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தெரியாமல் தொட்டி வாங்காதீர்கள். ஒரு குழாயின் கீழே வாளி வைத்து, ஒளு செய்யும் ஒருவரின் தண்ணீர் முழுவதையும் பிடியுங்கள். பிறகு லிட்டர் குவளையால் அளந்து எழுதுங்கள். குறைந்தது இருபது பேருக்குச் செய்யுங்கள். முதியவர், இளைஞர், மதரஸாப் பையன்கள் எல்லாரும் அதில் இருக்கட்டும். அளக்கிறோம் என்று முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அன்றைக்கு எல்லாரும் இறைநேசர்கள் ஆகிவிடுவார்கள்.

எங்கள் சராசரி 7 லிட்டர். ஒரு காக்கா (பெரியவர்) மிஸ்வாக் குச்சியால் பல் துலக்கியபடி குழாயைத் திறந்தே வைத்திருந்தார். அவர் வாளி வழிந்து இரண்டாவது வாளியும் பாதி நிறைந்தது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளு செய்தார்கள், ஒரு ஸாஉ (நான்கு முத்து) முதல் ஐந்து முத்து வரையில் குளித்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரி ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. ஷாஃபி, ஹனஃபி என்பவை மத்ஹபுகள், அதாவது மார்க்கச் சட்டப் பிரிவுகள். ஷாஃபி கணக்கில் அது முக்கால் லிட்டருக்கும் கீழே. ஹனஃபி கணக்கில் ஏறத்தாழ ஒரு லிட்டர். ஜும்ஆ பயானில் (உரையில்) ஆலிம்சா (மார்க்க அறிஞர்) முக்கால் லிட்டர் பாட்டில் ஒன்றையும் அந்த வாளியையும் மிம்பருக்கு (உரை மேடைக்கு) பக்கத்தில் வைத்தார். அதிகம் பேசவில்லை.

இந்த இடத்தில் ஒரு பொறி. எல்லாரும் எடுத்து வீசும் ‘ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் வீண் விரயம் செய்யாதே’ என்ற ஹதீஸ் இப்னு மாஜாவில் இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானது என்று சொன்ன அறிஞர்கள் பலர். கூட்டத்தில் அதை மட்டும் நம்பிப் பேசினால், யாராவது எழுந்து “அது ளயீஃப்” என்பார். அதோடு பேச்சு தண்ணீரை விட்டுவிட்டு ஹதீஸ் கலைக்குப் போய்விடும். எங்கள் முதல் கூட்டம் அப்படித்தான் கலைந்தது. புகாரி ஹதீஸும், உறுப்புகளை மூன்று முறைக்கு மேல் கழுவியவர் வரம்பு மீறினார் என்ற அபூதாவூத் ஹதீஸும் போதும்.

2. காசில்லாமல் குறையும் பங்கு

மேல்தொட்டியிலிருந்து ஒளுக் குழாய் வரிசைக்கு இறங்கும் பைப்பில் ஒரு கேட் வால்வு இருக்கும். அதைப் பாதிக்கு மேல் மூடுங்கள். செலவு பூஜ்யம். எங்கள் சராசரி 7 லிட்டரிலிருந்து 4க்கு இறங்கியது, ஒரே நாளில். ஒரு குறை உண்டு: ஜும்ஆ நெரிசலில் கடைசி இரண்டு குழாய்களில் நூல் போலத்தான் வரும். அதனால் வெள்ளிக்கிழமை 12 மணிக்கு மோதினார் (பாங்கு சொல்பவர்) வால்வை அரைச் சுற்றுத் திறந்துவிட்டு, தொழுகை முடிந்ததும் பழையபடி மூடிவிடுவார். வால்வின் மேல் பெயின்டால் இரண்டு கோடுகள் போட்டிருக்கிறோம்.

நாங்கள் இதைச் செய்வதற்கு முன்பே 10,800 ரூபாய்க்குப் பன்னிரண்டு அழுத்துக் குழாய்கள் வாங்கியிருந்தோம். அழுத்தினால் சில நொடி வந்து தானே நிற்கும் வகை. விமான நிலையத்தில் பார்த்து மயங்கியது. ஒளுவுக்கு இரண்டு கையும் வேண்டும். முழங்கை வரை தேய்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் தேவைக்கு மேல் கொட்டும். போதாக்குறைக்கு உப்புத் தண்ணீரில் ஸ்பிரிங் நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. கால் சுற்றில் திறந்து மூடும் சாதாரணக் குழாயே நல்லது. உப்பு ஊரானால் வாய்ச் சல்லடையை மாதம் ஒருமுறை கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்க வேண்டும்.

மறுபயன்பாடு வரைக்கும் போக உங்களால் முடியாவிட்டால் இதோடு நின்றாலும் தவறில்லை. பெரிய லாபம் இந்த வால்வில்தான் இருக்கிறது.

3. காகிதங்கள்

தண்ணீர் வேலைக்கு எதற்குக் காகிதம் என்று நானும் கேட்டேன். பாதி தோண்டிய பிறகு ஒருவர் வந்து “யாரைக் கேட்டு வக்ஃபு இடத்தைத் தோண்டுகிறீர்கள்?” என்றபோது பதில் கிடைத்தது. இந்த வரிசையில் சேருங்கள்:

முதலாவது, ஆலிம்சாவின் எழுத்துப்பூர்வமான மார்க்க விளக்கம். ஒளு செய்த தண்ணீர், மார்க்கச் சட்டத்தில் முஸ்தஃமல் (பயன்படுத்தப்பட்டது). ஷாஃபி மத்ஹபில் அது சுத்தமானது. ஆனால் இன்னொன்றைச் சுத்தமாக்காது. செடிக்கு ஊற்றலாம், தரையில் விடலாம்; அதைக் கொண்டு மறுபடி ஒளு செய்யக் கூடாது. இந்த இரண்டு வரி கையெழுத்தோடு இருந்தால் “அசுத்தத் தண்ணீரைப் பள்ளிக்குள் சுற்றவிடுகிறார்கள்” என்ற பேச்சு எழாது. எங்கள் கூட்டத்தில் ஓதிய பிள்ளை ஒருவன், முஸ்தஃமல் தண்ணீர் சேர்ந்து இரண்டு குல்லத்தை, அதாவது ஏறத்தாழ 200 லிட்டரை, எட்டிவிட்டால் மறுபடி சுத்தமாக்கும் தன்மை வந்துவிடும் என்று எங்கள் மத்ஹபிலேயே கருத்து இருக்கிறதே, நம் தொட்டி 1,000 லிட்டர்தானே, ஒளுவுக்கே விடலாமே என்றான். 1978இல் சவூதியின் மூத்த அறிஞர் குழு, நிறம், மணம், சுவை மூன்றும் நீங்கும்படி முழுமையாகச் சுத்திகரித்த கழிவுநீரில் ஒளுவே செய்யலாம் என்று சொன்னதையும் எடுத்து வைத்தான். ஆலிம்சா சிரித்துவிட்டு, “தம்பி, கிதாபில் இடம் இருக்கிறது, ஜமாஅத்தார் மனதில் இடம் இல்லை. தென்னைக்கு விடு” என்றார். அந்த விவாதத்தை நீங்கள் தொடங்காதீர்கள். வேலை ஓராண்டு தள்ளிப்போகும்.

இரண்டாவது, ஜமாஅத் கூட்டத் தீர்மானம். தீர்மானப் புத்தகத்தில் எண்ணோடு, என்ன வேலை, எவ்வளவு வரை செலவு, யார் பொறுப்பு என்று மூன்றும் இருக்க வேண்டும். “தண்ணீர் வசதியை மேம்படுத்துவது” என்று மொட்டையாக எழுதினால் பின்னால் பில் பாஸ் ஆகாது. மூன்றாவது, தீர்மான நகலும் கையால் வரைந்த ஒரு படமும் வைத்து, வக்ஃபு கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கடிதம் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்கிவிடுங்கள். ஆண்டுக் கணக்கு அங்கே போவதால் பில்களுக்கும் அது துணை நிற்கும். எங்களுக்கு இரண்டு நடை, பதினெட்டு நாள். உபரி நீரைத் தெருச் சாக்கடையில் சேர்க்கச் சாலையை உடைக்க வேண்டியிருந்தால் மட்டும் ஊராட்சிக்கோ பேரூராட்சிக்கோ தனி மனு.

மோட்டார் வைப்பதாக இருந்தால் மின் அட்டையில் எழுதியிருக்கும் சுமையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

4. எந்தப் பணம்?

ரமலானில் மக்கள் உற்சாகமாகக் கொடுப்பார்கள். அதில் பெரும்பகுதி ஜகாத்தாக (கட்டாயத் தர்மமாக) இருக்கும். ஜகாத்துக்கு உரிய எட்டு வகையினரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எண்ணிச் சொல்கிறது. பள்ளிவாசல் கட்டடத்துக்கும் பைப்புக்கும் அந்தப் பணம் செல்லாது என்பதுதான் நான்கு மத்ஹபுகளிலும் பொதுவாகக் கொள்ளப்படும் நிலை. எங்களுக்கு வந்த 15,000 ரூபாய் ஒன்றை, கொடுத்தவர் ஜகாத் என்று பிறகு சொன்னதால் திருப்பிக் கொடுத்தோம். அதற்குள் அதில் சிமென்ட் வாங்கியாகிவிட்டது. ரசீதிலேயே ‘ஸதகா, ஒளுத் தண்ணீர் வேலைக்காக’ என்று அச்சடித்துவிடுங்கள். ஸதகா என்பது விருப்பமாகத் தரும் தர்மம்.

விலைப்புள்ளி மூன்று வாங்குங்கள். மூன்றும் ஒரே படத்துக்கு இருக்க வேண்டும். எங்களுக்கு வந்தவற்றில் ஒன்று 2 லட்சத்தைத் தாண்டியது, ஏதோ வெளிநாட்டு வடிகட்டியோடு. ஒளுத் தண்ணீரில் இருப்பது தூசி, முடி, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு. ஜல்லியும் மணலும் போதும்.

5. வடிகாலைப் பிரிப்பது (அவசரப்படாதீர்கள்)

மொத்த வேலையின் உயிர் இந்தப் படிதான். ஒளுத் தண்ணீர் தனியாக வர வேண்டும். சிறுநீர் கழிப்பிடத்தின் ஒரு சொட்டுக்கூட அதில் கலக்கக் கூடாது. கலந்தால் அது முஸ்தஃமல் அல்ல, நஜீஸ் (அசுத்தம்). அதற்குப் பிறகு மார்க்கமும் வேறு, சுகாதாரமும் வேறு.

பழைய பள்ளிகளில் எந்தப் பைப் எங்கே போகிறது என்று கட்டியவருக்கே நினைவு இருக்காது. எங்கள் வேலையை எடுத்தவர் பார்த்துவிட்டு “இரண்டும் தனித்தனிதான் காக்கா” என்றார். நம்பினோம். வடிகட்டி கட்டி, தண்ணீர் விட்டு, இரண்டு வாரம் செடிகளுக்கும் பாய்ச்சியாகிவிட்டது. வடிகட்டியில் நாற்றம். மணலை மாற்றினோம், நாற்றம் போகவில்லை.

கடைசியில் வழி சொன்னவர் ஒரு சலவைத் தொழிலாளி. துணிக்குப் போடும் சொட்டு நீலம் ஒரு பாட்டில் வாங்கச் சொன்னார். சிறுநீர்க் கழிப்பிடத்தில் பாதி பாட்டிலைக் கொட்டி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினோம். நான் படிவுத் தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தொட்டியின் இடது ஓரத்தில் நீல நூல் ஒன்று நெளிந்து வந்து மெல்ல விரிந்தது. டைல்ஸுக்கு அடியில் ஒரு டீ இணைப்பு, பல ஆண்டுகளுக்கு முன் யாரோ சிக்கனத்துக்காகச் சேர்த்தது. தரையை உடைத்தோம், இணைப்பைத் துண்டித்துச் சிமென்ட் அடைத்தோம். வடிகட்டியின் மணலையும் கரியையும் அள்ளிக் கொட்டிவிட்டு, ஆலிம்சா சொன்னபடி ஜல்லியையும் தொட்டியையும் நல்ல தண்ணீரால் அலசினோம்.

ஆகவே ஒரு குழி தோண்டுவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒவ்வொரு கழிப்பறையிலும், ஒவ்வொரு சிறுநீர்த் தடுப்பிலும், ஜனாஸா (இறந்தவர் உடல்) குளிப்பாட்டும் இடம் இருந்தால் அங்கும், தனித்தனியாக, அரை மணி நேர இடைவெளியில். பெண்கள் தொழும் பகுதியை மறந்துவிடாதீர்கள். அந்த வடிகால் பெரும்பாலும் வேறு காலத்தில் வேறு ஆள் போட்டதாக இருக்கும்.

பிரித்த ஒளு வடிகாலில் ஒரு திருப்பு வால்வும் வையுங்கள். வியாழக்கிழமை திண்டைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும்போது தண்ணீரைச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிட வேண்டும். நாங்கள் வைக்காமல் விட்டு, கல்வாழை முழுவதும் கருகிய பிறகு வைத்தோம்.

6. தொட்டியும் வடிகட்டியும்

முதலில் இரண்டடிக்கு இரண்டடி படிவுத் தொட்டி. உள்ளே வரும் வாயில் முடியைப் பிடிக்க நைலான் வலை. அடுத்தது வடிகட்டி: நான்கு சிமென்ட் உறைகளை அடுக்கி, அடியில் பெரிய ஜல்லி, அதற்கு மேல் சின்ன ஜல்லி, மரக்கரி, மேலே ஆற்று மணல். மணலின் மேல் ஒரு துண்டு வலையைப் போட்டு ஓட்டாஞ்சில்லு வைத்து அழுத்திவிட்டால், பிசுக்கு படியும்போது வலையோடு எடுத்து அலசலாம். அங்கிருந்து 1,000 லிட்டர் மூடிய தொட்டி. அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று, தண்ணீர் இறங்கினால் தானே நிற்கும் மிதவை சுவிட்சு.

எங்களுக்கு ஆனது: வடிகால் பிரிக்க 14,200, படிவுத் தொட்டி 6,500, வடிகட்டி 11,800, சேமிப்புத் தொட்டி 7,300, மோட்டாரும் சுவிட்சும் 8,900, மின் வேலை 3,400, கழிப்பறை வரை மேல் பைப் 6,100. கூட்டினால் 58,200 ரூபாய், கூலி உட்பட. நீலச் சோதனைக்குப் பிறகு உடைத்துக் கட்டிய செலவும் அழுத்துக் குழாய்களும் இதில் சேரவில்லை.

பெரிய தொட்டி வாங்கும் ஆசையை அடக்குங்கள். இந்தத் தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாறும். அன்றைக்கு வந்தது அன்றைக்கே போய்விட வேண்டும். உபரி வெளியேறும் வாயில் கொசுவலை கட்டாயம். டெங்கு ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

7. எங்கே விடலாம், எங்கே கூடாது

தென்னை, வாழை, கல்வாழை, நிழல் மரங்கள்: தாராளமாக. பச்சையாகத் தின்னும் கீரைக்கும் மல்லிக்கும் வேண்டாம்.

பள்ளிக் கிணற்றில் நேராக விடவே கூடாது. “நிலத்தடி நீர் உயரும்” என்று சொல்லி ஒருவர் பைப்பைக் கிணற்றுக்கு நீட்டப் பார்த்தார். கிணற்றுக்குப் போக வேண்டியது கூரை மழைநீர். தமிழ்நாட்டில் 2003லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. உங்கள் பள்ளியின் மழைநீர்ப் பைப் உடைந்து கிடந்தால், தோண்டும் ஆட்கள் இருக்கும்போதே அதையும் சரிசெய்துவிடுங்கள். கூலி மிச்சம்.

கழிப்பறையில் ஃபிளஷ் தொட்டிக்கு மட்டும் இந்தத் தண்ணீர். கால் கழுவவும் சுத்தம் செய்யவும் வாளி வைக்கும் குழாய் நல்ல தண்ணீர் இணைப்பிலேயே இருக்க வேண்டும். ஷாஃபி மத்ஹபில் முஸ்தஃமல் தண்ணீரால் நஜீஸ் நீங்காது. ஹனஃபி மத்ஹபில் இதில் சலுகை உண்டு. ஆனால் பயணிகள் வந்து போகும் பள்ளியில் இரண்டு மத்ஹபுக்காரர்களும் இருப்பார்கள். மறுபயன்பாட்டு பைப் முழுவதையும் பச்சைப் பெயின்டால் அடித்து, இரண்டு இடத்தில் ‘ஒளுவுக்கு அல்ல’ என்று எழுதினோம். இல்லாவிட்டால் அடுத்த பிளம்பர் வந்து எதையாவது எதிலாவது சேர்த்துவிடுவார்.

ஹவுள் (ஒளு செய்யும் நீர்த் தடாகம்) உள்ள பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை: ஹவுளில் இருக்கும் தண்ணீரைத் தொடாதீர்கள். அதைச் சுற்றி வழிந்தோடும் வாய்க்கால் தண்ணீர்தான் உங்களுக்கு உரியது. அதிலும் நீலச் சோதனை செய்யுங்கள்.

8. எப்போது தொடங்குவது?

இப்போது ரமலான் மாசி ஒட்டில் வருகிறது. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. குழி தோண்டினால் ஊற்று எடுத்து உறை சாயும். ஆக ஆனியில் அளந்து, ஆடியில் காகிதங்களை முடித்து, ஆவணி, புரட்டாசியில் தோண்டிவிடுவது நல்லது. நாங்கள் கார்த்திகையில் தோண்டினோம். இரண்டு உறைகள் உடைந்தன.

வேலை நாட்களில் ஒளுத் திண்டை முழுவதும் மூடாதீர்கள். ஆறு குழாய் இந்த வாரம், ஆறு அடுத்த வாரம். வெள்ளிக்கிழமை வேலை வேண்டாம். முதியவர்களுக்கு நாற்காலியும் குவளையும் தனியே வைத்துவிட்டால் புகார் பாதியாகக் குறையும்.

9. பராமரிப்பு யார் கையில்?

கமிட்டிக்காரர்கள் மாறுவார்கள். மோதினாரும் மாறுவார். அதனால் பராமரிப்பு முறையை ஒரே தாளில் எழுதி, மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். மோதினாருக்கு இந்த வேலைக்காக மாதம் 500 ரூபாய் தனியாகத் தீர்மானம் போட்டுக் கொடுக்கிறோம். இனாமாக வாங்கும் வேலை மூன்றாவது மாதம் நின்றுவிடும் என்பது என் அனுபவம். வடிகட்டி மணலின் மேல்பகுதியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற 900 ரூபாய் ஆகிறது. கோடையில் வாரம் இரண்டு லாரி வாங்கிக்கொண்டிருந்தோம், இப்போது ஒன்று.

அந்தத் தாளில் இருப்பது இவ்வளவுதான்: வியாழன் அஸருக்குப் பின் முடி வலையைக் கழுவவும். திண்டு கழுவும் முன் வால்வைச் சாக்கடைப் பக்கம் திருப்பவும், கழுவியபின் மறக்காமல் திருப்பி வைக்கவும். இரவு தொட்டியில் தண்ணீர் மிஞ்சினால் தென்னைக்கு விடவும். நாற்றம் வந்தால் உடனே மோட்டாரை நிறுத்தவும். சொட்டு நீலம் ஆபீஸ் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.